வெறும் இருமல்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், அடுத்த வீட்டு அம்மாக்களைப் பற்றிப் படிக்கிறேன் என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். விஷயம் என்னவோ அதுதான். குடும்பமும் முதுமையும் என்று எங்கள் துறைக்குப் பெயர். வயதானவர்கள் யாரோடு இருக்கிறார்கள், யாரோடு இருக்க ஆசைப்படுகிறார்கள், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இனி மாணவர்கள் என்னையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு முதியவரின் பேட்டியைக் கருத்தரங்கில் போடும்போது அவருடைய குரலை அப்படியே போடமாட்டோம். யார் என்று தெரிந்துவிடும், மகனோ மருமகளோ காதில் வாங்கினால் அவர் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. அதனால் உதவி ஆய்வாளர் ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேட்டியைக் கேட்டு, அதையே தன் குரலில் திரும்பச் சொல்லிப் பதிவு செய்வார். பேச்சு அவருடையது, குரல் இன்னொருவருடையது. போகிற போக்கில் வேலையையும் மாற்றுவோம், மகளை மகன் ஆக்குவோம், மகனை மகள் ஆக்குவோம்.

இந்த முறைக்கு விதிகளை எழுதியவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும். பேச்சின் நடுவே வரும் இடைவெளிகளை வெட்டக் கூடாது என்று எழுதினேன், ஏனென்றால் வயதானவர்கள் பாதியை வாயால் சொல்வார்கள், மீதியைச் சும்மா இருந்து சொல்வார்கள். எதையாவது வெட்டியே தீர வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு மணிச்சத்தம் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒருவர் சொன்னதை அவர் வீட்டில் இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது, அவரே கொண்டுபோகச் சொன்னால் ஒழிய. இதை வகுப்பில் நான் சொல்லும்போது பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள்தான் சின்னவள்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது என் அம்மா. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வற்றிப்போய்க் கிடந்தவளை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவுதான், அம்மா அவளைத் தத்து எடுக்காத குறை. காய்ச்சல் வந்தால் அம்மா வீட்டில்தான் படுப்பாள், கோபித்துக்கொண்டால் அம்மாவிடம்தான் போய் என்னைப் பற்றிக் கோள் சொல்வாள். அதுவரை ஒரே பிள்ளையாக இருந்த நான் அவள் வந்ததும் மூத்தவளாகிவிட்டேன். அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மாணவியாக இருந்தபோதும் அக்கா, எனக்கு அடுத்த அறையில் பேராசிரியராக வந்து உட்கார்ந்த பிறகும் அக்கா. துறையில் எங்கள் இருவர் அறைக்கும் அக்கா தங்கை கடை என்று பட்டப்பெயர். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

முதியோர் ஆய்வுக்கென்று ஒரு தனி மையம் வேண்டும் என்று நான் ஏறி இறங்காத படி இல்லை. துணைவேந்தர்கள் மாறினார்கள், நான் கேட்பது மட்டும் மாறவில்லை. கடைசியில், தொல்லை தாங்காமலோ என்னவோ, கொடுத்துவிட்டார்கள். கட்டடத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, நடைபாதையில் கைப்பிடி எந்த உயரத்தில் வர வேண்டும், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது வரை நான்தான் சொன்னேன். முதல் இயக்குநர் நான் என்பது ஊருக்கே தெரியும். ஆணை வர வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தாள். வாடகை வீடு, மாடியில். எதிர்வீட்டில் அவள் வயதில் ஒரு அம்மாள். இருவருக்கும் மத்தியானம் ஆனால் சீட்டாட்டம். விளையாட்டில் இரண்டு பேரும் கூசாமல் ஏமாற்றுவார்கள், பேச்சை நிறுத்துவார்கள், விளக்கு வைக்கும் நேரத்தில் சமாதானம் ஆகிவிடுவார்கள். கை முறிந்ததும் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். அம்மா கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டாள். அப்புறம், உன் இஷ்டம்மா, நல்லாத்தான் இருக்கும் என்றாள்.

இயக்குநர் வேலை என்றால் பாதி நாள் வெளியூரில் இருக்க வேண்டும். அம்மாவைக் கூட்டிவந்து வைத்துவிட்டு ஊர் சுற்ற என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்த மையத்தை விடவும் மனம் வரவில்லை. சாப்பாடு இறங்காமல் சில நாள் அலைந்துவிட்டு, சின்னவளிடம்தான் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதவி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும் அக்கா. அம்மா கிடைப்பாங்களா? அவங்களைக் கூட வச்சுக்கறதுக்கு நீங்க கொடுத்து வச்சிருக்கணும்."

நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். மறுநாளே என் பெயரை விலக்கிக்கொண்டேன். எனக்குப் பதில் யார் என்று துணைவேந்தர் கேட்டபோது, யோசிக்காமல் அவள் பெயரைச் சொன்னேன். எனக்கு என்ன வருத்தம், என் தங்கை கைக்குத்தானே போகிறது என்று நினைத்தேன்.

அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்தே ஏதோ சரியாக இல்லை. என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துக் குளியலறையில் கைப்பிடிகள் அடித்திருந்தார், சன்னலோரம் கட்டில் போட்டிருந்தார். அம்மா அந்தக் கட்டிலின் விளிம்பில், ரயில் வருமுன் எழுந்து நிற்க வேண்டியவளைப் போல உட்கார்ந்திருப்பாள். டிவி போட்டுக்கலாமா என்று கேட்பாள். காபியில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லமாட்டாள். ஒரு காலத்தில் என் சமையலை வாயில் வைத்துவிட்டு, இதைச் செய்தவர்களை உள்ளே போடச் சட்டம் இல்லையா என்று கேட்டவள். அத்தை விருந்தாளி மாதிரி இருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். நான் சும்மா இருப்பேனா? இடம் மாறிய முதியவர்களுக்குப் பழகக் கொஞ்சம் காலம் பிடிக்கும், எல்லா ஆய்விலும் அப்படித்தான் இருக்கிறது என்று அவருக்கு வகுப்பு எடுத்தேன். அவர் பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சின்னவள் இயக்குநரான பிறகு அவளுடைய முதல் கருத்தரங்கு. அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும், வர முடியாது என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அன்றைக்கென்று டாக்டர் வரவில்லை. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, அடித்துப் பிடித்து ஓடிப்போய் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் தண்ணீர் குடிக்கப் போனவள் என்னைப் பார்த்ததும் பாட்டிலை மூடி வைத்தாள். முதல் நாள், பதற்றமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பயப்படாதே என்பதுபோல் நான் கையைக் காட்டினேன். இப்போது நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

வீடு மாறுவதற்கு முன்னால் முதியவர்கள் என்ன நினைக்கிறார்கள், மாறிய பிறகு என்ன நினைக்கிறார்கள் என்பது அவளுடைய புதிய ஆய்வு. முதலில் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. டாக்டராக இருக்கும் ஒரே மகன் தன்னோடு வரச் சொல்கிறான். தனியாக இருக்கிறார், எதிர்வீட்டுத் தோழியோடு மத்தியானம் கேரம் ஆடுகிறார். பேட்டி மழைக்காலக் கடைசியில் எடுத்தது என்றாள். தபால் நிலையத்து அம்மாவை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. கேரம் ஆடும் கிழவி என்றால் கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள் என்று சிரித்துக்கொண்டேன்.

பிறகு பதிவைப் போட்டாள். உதவி ஆய்வாளர் பெண்ணின் இளங்குரல்.

"நல்லாத்தான் இருக்கு."

இடைவெளி. தொண்டையை லேசாகச் செருமும் சத்தம்.

"நல்லா இல்லைன்னு யார் சொன்னா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

என் அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஒயரைச் சொருகிவிட்டு, அந்தப் பக்கம் எடுக்கிறார்களா என்று காத்திருந்து, எடுத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேசுங்க என்பாள். வேலையை விட்டும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ஒரு வாக்கியம் சொல்வாள், அது போய்ச் சேரும்வரை காத்திருப்பாள், செருமுவாள், அடுத்ததைச் சொல்வாள். லைன் கிடைச்சுதா என்று அப்பா கிண்டல் செய்வார். அந்தப் பெண் கெட்டிக்காரி, நான் எழுதிய விதியை ஒன்றுகூட விடவில்லை. ஒவ்வொரு இடைவெளியையும் அப்படியே வைத்திருந்தாள், செருமலைக்கூட விடவில்லை. குரலைத்தான் மறைத்திருந்தார்கள். பெற்ற பெண்ணுக்கு அம்மாவைத் தெரிய குரலா வேண்டும்?

"என் மகன் ரொம்ப நல்லவன். வயசானவங்களையே தினமும் பார்க்கறவன், எல்லாம் தெரிஞ்சவன். ஆனா அங்க போனா அவனுக்கு நானும் ஒரு நோயாளி. இங்க நான் நானா இருக்கேன். விளையாட்டுல ஏமாத்தறேன், சண்டை போடறேன். அங்க போய் யாரை ஏமாத்தறது?"

மண்டபம் சிரித்தது. அம்மா பேசினால் யாரும் சிரிப்பார்கள்.

"எனக்குப் போக இஷ்டமில்லை. அவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? எனக்காகத்தானே அவ்வளவும் பண்றான். அடுத்த மாசம் சாமானெல்லாம் கட்டணும்."

அங்கேதான் எனக்கு உறுத்தியது. பண்றான் என்பதற்கும் அடுத்த மாசம் என்பதற்கும் நடுவே இடைவெளியே இல்லை. என் அம்மா அப்படி ஒரே மூச்சில் பேசுகிறவள் இல்லை. எதையோ வெட்டியிருக்கிறார்கள். ஆனால் மணியும் அடிக்கவில்லை.

அதற்குமேல் சின்னவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. மழைக்காலக் கடைசி என்று அவள் சொன்னது மட்டும் மண்டைக்குள் சுற்றியது. நான் அவள் தோளில் சாய்ந்து அழுதது மழை விட்ட பிறகு. என் பெயரை விலக்கிக்கொண்டது அதற்கும் பிறகு. அம்மாவுக்கு வர இஷ்டமில்லை என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் அவள் என் கையைப் பிடித்திருக்கிறாள்.

எல்லோரும் கைகுலுக்கி முடிக்கும்வரை காத்திருந்து, அவள் அறைக்குப் போனேன். புதுப் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கதவு நான் சொன்ன பக்கம்தான் திறந்தது.

"அது எங்கம்மா," என்றேன்.

அவள் மறுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பேட்டி கொடுத்தவர் யார் என்று நான் சொல்லக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா அக்கா என்றாள். குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. நான் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மாவை அவள் வீட்டிலேயே இருக்கவிட்டு ஒரு ஆளைப் போட்டிருப்பேனே, நானும் இந்த நாற்காலியை விட்டிருக்கமாட்டேனே என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் வகுப்பில் சொல்வதை எனக்கே திருப்பிச் சொன்னாள்.

"இன்னைக்கு நான் வந்து உங்ககிட்ட சொல்லியிருந்தா, நாளைக்கு எந்த அம்மா நம்மளை நம்பி வாயைத் திறப்பாங்க?"

"உன்கிட்டதானே யோசனை கேட்டேன். பேரை விலக்கிக்கட்டுமான்னு."

"கேட்டீங்க. பேட்டியில கேட்டதை மறந்துட்டுத்தான் நான் பதில் சொல்லணும். அது நீங்க எழுதின விதி அக்கா."

என் கையை எடுத்து என் கண்ணையே குத்தினாள். விதி அப்படித்தான் இருக்கிறது. அவள் அதைக் கரைத்துக் குடித்தவள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கதவருகே போனதும் அந்த உறுத்தல் மறுபடி வந்தது. எனக்காகத்தானே பண்றான் என்பதற்கு அப்புறம் என்ன இருந்தது, மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு, அம்மா வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து சிரிப்பாளே, அது.

"இருமல் அக்கா. வெறும் இருமல். பாவம் அந்தப் பொண்ணு, எத்தனை தடவைதான் இருமிக் காட்டுவா?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் கோபம் மெல்ல அம்மா பக்கம் திரும்பியது. சின்னவளாவது விதி என்று ஒன்றைக் காட்டினாள். பெற்றவளுக்கு என்ன வந்தது? என்னிடம் நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் ஊரார் சிரிக்கும்படி என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாள். நோயாளியாம். பார்த்துப் பார்த்துக் கைப்பிடி அடித்த வீடு கசந்துவிட்டதாம். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டே படியேறினேன்.

அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, தலையணை மேல் சீட்டுகளைப் பரப்பித் தனக்குத் தானே விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீட்டுகளைக் கலைத்து உறையில் போட்டாள். வந்ததிலிருந்து இப்படித்தான், நான் நுழைந்தால் எதையாவது எடுத்து ஒளித்துவைப்பாள்.

"சின்னவகிட்ட பேட்டி கொடுத்தியாம்மா?"

அவள் முகத்தில் திடுக்கிடல் ஒன்றும் இல்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

"கொடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே."

எனக்கு எப்படித் தெரியும், இன்றைக்குத்தான் மண்டபத்தில் உட்கார்ந்து ஊரோடு சேர்ந்து கேட்டேன் என்று பொரிந்து தள்ளினேன். அம்மா என்னையே பார்த்தாள். வழக்கமாகக் காத்திருப்பதைவிட அதிக நேரம் காத்திருந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"அவ சொல்லலையா?"

"என்ன சொல்லலையா?"

"நான் சொல்லச் சொன்னதை."

பேட்டியின் நடுவே என்ன நடந்தது என்று அம்மா சொல்லத் தொடங்கினாள். சின்னவள் மத்தியான வேளையில், எதிர்வீட்டம்மாள் தூங்கப் போன பிறகு வந்திருக்கிறாள். ஆய்வுக்காகப் பேசலாமா என்று கேட்டிருக்கிறாள், வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம், அதுதான் முறை என்றும் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கும் யாரிடமாவது கொட்ட வேண்டும்போல் இருந்திருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு ஓர் இடத்தில் அழுகை வந்துவிட்டது. எனக்காகத்தானே அவ்வளவும் பண்றா என்று சொன்ன இடம்.

"மெஷினை நிறுத்தாதே, இதையும் பிடிச்சுக்கோன்னு சொன்னேன். இதை மட்டும் நீயே என் மககிட்ட சொல்லிடு. நான் சொன்னா அவ மனசு விட்டுப்போயிடும். நீன்னா பக்குவமா எடுத்துச் சொல்லுவே, உன் பேச்சை அவ கேப்பான்னு சொன்னேன்."

"அதுக்கு அவ?"

"சரிம்மான்னா. கையைப் பிடிச்சுக்கிட்டா."

கையைப் பிடிப்பது அவளுக்குக் கைவந்த கலை போலிருக்கிறது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அம்மா அதோடு விடவில்லை. நாள் நெருங்க நெருங்க மனசு கேட்காமல் அவளுக்கே போன் போட்டிருக்கிறாள். சொல்லிட்டியா என்று கேட்டிருக்கிறாள்.

"பேசியிருக்கேன்மா, அக்கா முடிவு பண்ணிட்டாங்கன்னு சொன்னா. அதுக்கு மேல நான் என்ன பேசறது?"

அம்மா எதிர்வீட்டம்மாளிடம் சொல்லிக்கொண்டு சாமானைக் கட்டினாள். இப்போது அந்த வீட்டில் கைக்குழந்தையோடு யாரோ குடிவந்துவிட்டார்கள். சீட்டுக்கு ஆள் இல்லாமல் எதிர்வீட்டம்மாளும் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். என் நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்கும் திரும்பிப் போக இடமில்லை, எனக்கும் இல்லை. இதற்கெல்லாம் நடுவில் அவள் செய்தது, சொல்ல வேண்டிய இடத்தில் சும்மா இருந்ததும், கேட்ட இடத்தில் ஒரு பொய் சொன்னதும்தான்.

ஆனால் என்னைக் கொன்றது இதெல்லாம் இல்லை. இத்தனை மாதமாக அம்மா என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு இந்தக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான்.

"எல்லாம் தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்திருக்கேன்னு நினைச்சேன். அழுதுக்கிட்டே சொல்லி அனுப்பியும் கேக்கலையே. பெத்தவ பேச்சுக்கு இவ்வளவுதான் மரியாதை போலன்னு..."

முடிக்கவில்லை. டிவி போட்டுக்கலாமா என்று அவள் ஏன் கேட்டாள் என்று இப்போது புரிந்தது. இடம் பழகாத முதியவரும் இல்லை, ஆய்வும் இல்லை. மகளால் கைவிடப்பட்டவள் ஒருத்தி இந்த அறையில் இருந்திருக்கிறாள், அந்த மகள் நான், எனக்கே அது தெரியாது. அம்மாவின் முறிந்து சேர்ந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது என்று சின்னப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எக்ஸ்சேஞ்சில நடுவுல இருக்கறவ ஒட்டுக்கேக்கக் கூடாது, ஒண்ணை ரெண்டாக்கிச் சொல்லக் கூடாது. லைன் கொடுத்தா பேச்சு போய்ச் சேந்தாகணும். அப்படியே இருந்து பழகிட்டேனா, இவளும் சேத்துடுவான்னு நம்பிட்டேன்."

அம்மாவின் போன் அடித்தது. சன்னல் மேடையில் இருந்த அதன் திரையில் சின்னவளின் முகம், எங்கள் மொட்டைமாடியில் அம்மாவே எடுத்த படம். சின்னவ என்று எழுதியிருந்தது.

நான் எட்டி எடுக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லும்மா."

"அம்மா, அக்கா வீட்டுக்கு வந்துட்டாங்களா?" குரலில் அவசரம். "வந்து ஏதாவது கேட்டாங்கன்னா, பேட்டியில நடுவுல பேசினது எதையும் நீங்க..."

அம்மா அவளை முடிக்கவிடவில்லை. நான் பிறப்பதற்கு முன்னால் எக்ஸ்சேஞ்சில் எப்படிப் பேசியிருப்பாளோ, அந்தக் குரல் வந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அவ பக்கத்துலதான் இருக்கா. அன்னைக்கு நான் சொல்லச் சொன்னதை இப்ப சொல்லு. லைன் கொடுக்கறேன்."

காத்திருந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"பேசுங்க," என்று சொல்லி, போனை என் உள்ளங்கையில் வைத்தாள்.

கேட்க வேண்டியது தலைக்கு மேல் இருந்தது. ஆனாலும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் இருப்பவர் சும்மா இருக்கும்போது குறுக்கே போகக் கூடாது என்று அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அம்மா என் பக்கத்தில், கட்டிலின் விளிம்பிலிருந்து உள்ளே நகர்ந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் இயக்குநர் அறையின் மின்விசிறி ஓடுவது கேட்டது. யாரோ கதவைத் தட்டுவதும், அவள் பதில் சொல்லாமல் இருப்பதும் கேட்டது. நானும் அம்மாவும் காத்திருந்தோம்.

கடைசியில் அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல். வெறும் இருமல்.